விமானப் பயண நேரத்தை வீட்டு வாசலிலிருந்து கணக்கிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்மாவட்டங்களின் விமான சேவை குறித்த செய்திகளைத் தங்கள் நாளிதழ் விடாமல் வெளியிட்டு வருவது, சொந்தமாக ஒரு விமான நிலையம் இல்லாத கன்னியாகுமரி மாவட்டத்தினராகிய எங்களுக்குப் பெரிதும் உதவுகிறது. அத்தகைய செய்திகளில் இரண்டு சிறிய ஊர்களின் விமான நிலையங்களைக் குறிப்பிட்டு, அவற்றுக்கு இடையே இத்தனை கிலோமீட்டர், இத்தனை நிமிடப் பயணம் என்று ஒரு வரி வருவதுண்டு. அந்த வரியைப் படிப்பவர்கள் அதை அப்படியே நம்பித் திட்டமிடுகிறார்கள். மக்கள் பிரதிநிதிகளும் அதையே எடுத்துக்கொண்டு கோரிக்கை வைக்கிறார்கள். பள்ளியில் நெடுங்காலம் புவியியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில், அந்தக் கணக்கு எப்படிப் பிறக்கிறது, அதில் எது உண்மை, எது பயணிக்கு ஒருபோதும் கிடைக்காத நேரம் என்பதைத் தங்கள் வாசகர்களுக்கு விளக்க விரும்புகிறேன்.

எங்கள் மாவட்டத்துக்கு இரு பக்கமும் இரண்டு விமான நிலையங்கள் இருக்கின்றன. மேற்கே திருவனந்தபுரம், வடகிழக்கே தூத்துக்குடிக்கு அருகில் உள்ள வாகைக்குளம். இவ்விரண்டுக்கும் இடையே வானில் நேர்கோடு இழுத்தால் சுமார் 124 கிலோமீட்டர்தான் வரும். அந்தக் கோடு பொதிகை மலையை ஒட்டி, எங்கள் மாவட்டத்தின் வட எல்லைப் பக்கமாகச் செல்லும். ஜெட் விமானத்தின் வேகம் மணிக்கு 800 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டு வகுத்தால் ஒன்பது நிமிடம் என்று விடை கிடைக்கும். ஒன்பது நிமிடத்தில் திருவனந்தபுரத்திலிருந்து தூத்துக்குடி! வகுத்தலில் எந்தப் பிழையும் இல்லை. ஆனாலும் இப்படி ஒரு பயணம் நடக்கவே முடியாது. ஜெட் விமானம் 800 கிலோமீட்டர் வேகத்தை எட்டுவது முப்பதாயிரம் அடிக்கு அருகில் ஏறிய பிறகுதான். அங்கிருந்து இறங்க வேண்டுமானால் ஆயிரம் அடிக்கு மூன்று கடல்மைல் என்பது விமானிகள் மனத்தில் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. அதன்படி முப்பதாயிரம் அடியிலிருந்து இறங்கித் தரை தொட 90 கடல்மைல், அதாவது 167 கிலோமீட்டர் வேண்டும். நமது கோட்டின் மொத்த நீளமே 124. ஏறுவதற்கான தூரத்தை விட்டுவிடுங்கள், இறங்குவதற்கே அது போதாது. போதாததற்கு, பத்தாயிரம் அடிக்குக் கீழே மணிக்கு 250 கடல்மைல், ஏறத்தாழ 460 கிலோமீட்டர், என்ற வேக வரம்பும் உண்டு. குறுகிய தூரத்தில் விமானம் ஒருபோதும் தன் முழு வேகத்தை எட்டுவதில்லை. தூரம் குறையக் குறைய வகுத்துப் பெறும் நிமிடம் உண்மையிலிருந்து மேலும் மேலும் விலகிப் போகிறது. பெரிய நகரங்களுக்கு இடையேயான நீண்ட பயணத்தில் இந்த விலகல் கண்ணுக்குத் தெரியாது. சிறிய விமான நிலையங்கள் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று முந்நூறு, நானூறு கிலோமீட்டருக்குள் அமைந்திருப்பதால் அவற்றைப் பற்றிய செய்திகளில்தான் அது பெரிதாகத் தெரிகிறது.

தூரக் கணக்கு அப்படியன்று. அது துல்லியமானது, அதைப் பெறும் முறையும் அழகானது. பூமி உருண்டை என்பதால் இரண்டு இடங்களுக்கு இடையேயான மிகக் குறுகிய வழி, பூமியை இரு சமபாதியாக வெட்டும் ஒரு பெருவட்டத்தின் பகுதியாக இருக்கும். உலக உருண்டையின் மேல் இரண்டு ஊர்களையும் தொடும்படி ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் அது தானாகவே அந்தப் பாதையில் படியும். வகுப்பில் பிள்ளைகளை அப்படிப் பிடிக்கச் சொல்லியே இதைக் கற்பித்தேன். வாகைக்குளத்திலிருந்து சேலம் விமான நிலையம் அமைந்துள்ள காமலாபுரத்துக்கு நூல் பிடித்தால் ஓர் அருமையான விஷயம் தெரியவரும். வாகைக்குளம் வடக்கு அட்சரேகை 8 பாகை 43 கலையில் உள்ளது (ஒரு பாகை, அதாவது டிகிரி, 60 கலை கொண்டது). காமலாபுரம் 11 பாகை 47 கலையில் உள்ளது. இரண்டுமே 78 பாகைத் தீர்க்கரேகையை ஒட்டி, ஒன்றுக்கு நேர் வடக்கே மற்றொன்றாக அமைந்திருக்கின்றன. அட்சரேகையில் ஒரு கலை என்பது ஒரு கடல்மைல். வித்தியாசம் 3 பாகை 4 கலை, ஆகவே 184 கடல்மைல். ஒரு கடல்மைல் 1.852 கிலோமீட்டர் என்பதால் சுமார் 340 கிலோமீட்டர். காகிதமும் பென்சிலும் போதும், இயந்திரம் தேவையில்லை. இதே 78 பாகைக் கோட்டை ஒட்டித்தான் ஆங்கிலேய நில அளவையாளர் வில்லியம் லாம்டன் இந்தியாவின் நீளத்தை அளக்கத் தொடங்கினார். 1802இல் சென்னைப் பரங்கிமலை அருகே தொடங்கிய அவருடைய அளவைப் பணி தெற்கே எங்கள் குமரிமுனை வரை வந்தது. 1823இல் அவர் மறைந்த பிறகு ஜார்ஜ் எவரெஸ்ட் அதை வடக்கே இமயமலை நோக்கி எடுத்துச் சென்றார். பூமியின் வடிவத்தையே திருத்திச் சொல்ல உதவிய, பெருவில் எனப்படும் அந்த நீண்ட அளவைக் கோட்டின் தென்முனை எங்கள் மாவட்டத்தில் இருக்கிறது என்பதை இங்குள்ள பள்ளிகளில் இன்னும் சற்று அழுத்தமாகச் சொல்லிக்கொடுக்கலாம்.

நேர்கோட்டுத் தூரம் உண்மையிலேயே உயிர்நாடியாக இருக்கும் இடங்களும் உண்டு. தூத்தூர், சின்னத்துறை, இரவிப்புத்தன்துறை போன்ற எங்கள் கடலோர ஊர்களின் ஆழ்கடல் மீனவர்கள் பாகையையும் கலையையும் கடல்மைலையும் அன்றாடம் கையாள்பவர்கள்; கடலில் சாலை இல்லை என்பதால் அவர்களுக்கு நேர்கோடே வழி. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது கரைக்குத் திரும்பாத படகுகளைத் தேட வேண்டியிருந்த நாட்களில், ஒரு தேடுதல் விமானம் எந்தத் தளத்திலிருந்து கிளம்புகிறது, படகு கடைசியாக இருந்த இடம் அங்கிருந்து எத்தனை கடல்மைல், போய்ச் சேர்ந்தபின் எவ்வளவு நேரம் சுற்றித் தேட எரிபொருள் மிஞ்சும் என்ற கணக்கு எவ்வளவு முக்கியமானது என்பதை இந்த மாவட்டம் கண்ணீரோடு கற்றுக்கொண்டது. அங்கே நிமிடமும் தூரமும் நேரடியாகத் தொடர்புடையவை. பயணிகள் விமானத்தில் அவ்வளவு நேரடித் தொடர்பு இல்லை.

பயணச்சீட்டில் அச்சிடப்படும் நேரம் வானில் பறக்கும் நேரம் மட்டுமல்ல. விமானம் நிற்கும் இடத்தில் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்திருக்கும் கட்டையை எடுப்பதிலிருந்து, போய்ச் சேர்ந்த ஊரில் மீண்டும் கட்டை வைப்பது வரை உள்ள நேரம் அது. ஓடுபாதையின் முனைவரை ஊர்ந்து செல்வது, முன்னால் வேறொரு விமானம் இருந்தால் காத்திருப்பது, காற்று வீசும் திசைக்கு எதிராகக் கிளம்பிப் பின் போகவேண்டிய திசைக்குத் திரும்புவது, இறங்கும் ஊரில் வரிசையில் காத்திருந்து வட்டமிடுவது ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். வாகைக்குளத்தின் ஓடுபாதை ஏறத்தாழக் கிழக்கு மேற்காக அமைந்தது. வடக்கே சென்னைக்கோ பெங்களூருக்கோ போகும் விமானம் கிழக்கிலோ மேற்கிலோ கிளம்பித்தான் வடக்கே திரும்ப வேண்டும். வாகைக்குளத்துக்கும் சென்னைக்கும் வான்தூரம் சுமார் 530 கிலோமீட்டர். இரட்டைச் சுழல்விசிறி கொண்ட ஏடிஆர் விமானம் மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர் வேகத்தில் பறப்பது. வகுத்தால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் வரும். அட்டவணையில் ஒன்றரை மணி நேரம் போலக் குறித்திருப்பார்கள். கூடுதலாக இருக்கும் இந்த இருபது, இருபத்தைந்து நிமிடம் சிறிய தூரத்திலும் பெரிய தூரத்திலும் ஏறக்குறைய ஒரே அளவாகத்தான் இருக்கும். ஆகவே 340 கிலோமீட்டருக்கு நாற்பது நிமிடம் என்று எங்கேனும் கண்டால், ஒரு மணி நேரம் என்று படித்துக்கொள்வது நல்லது.

எந்த விமானம் வரும் என்பதை ஓடுபாதையே தீர்மானிக்கிறது. வாகைக்குளத்தின் ஓடுபாதை நெடுங்காலம் சுமார் 1,350 மீட்டர் நீளம் மட்டுமே கொண்டிருந்ததால் ஏடிஆர் போன்ற விமானங்களே அங்கே இறங்க முடிந்தது. ஓடுபாதை இப்போது மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீட்டிக்கப்பட்டிருக்கிறது. ஆண்டுக்கு 20 லட்சம் பயணிகளைக் கையாளும் வகையில் 17,340 சதுர மீட்டர் பரப்பில் கட்டப்பட்ட புதிய முனையம் 2025 ஜூலை 26 அன்று திறக்கப்பட்டது. இது எங்களுக்குப் பெருமகிழ்ச்சி தரும் முன்னேற்றம். ஆனால் ஒரு முனையில் மட்டும் நீளம் இருந்தால் போதாது, போய்ச் சேரும் ஊரிலும் இருக்க வேண்டும்.

இனி, என்னை இக்கடிதம் எழுதத் தூண்டிய வழித்தடத்துக்கு வருகிறேன். எங்கள் மாவட்டத்திலிருந்து வேலூருக்கு மருத்துவத்துக்காகச் செல்வோர் ஏராளம். மாலை நேரத்தில் நாகர்கோவில் வடசேரி பேருந்து நிலையத்தில் சிறிது நேரம் நின்றால் அவர்களை எளிதில் அடையாளம் கண்டுகொள்ளலாம். ஸ்கேன் படங்கள் வைத்த பெரிய உறையை மடங்காமல் நெஞ்சோடு அணைத்தபடி ஒரு மகள். வெந்நீர்க் குடுவையும் தலையணையும் வைத்த பையோடு ஒரு மருமகன். இருக்கையில் சாய்ந்து உட்காரவும் முடியாமல் நிமிரவும் முடியாமல் ஒரு முதியவர். சாலை வழியில் வேலூர் அறுநூறு கிலோமீட்டருக்கு மேல். பதினொரு மணி நேரமோ பன்னிரண்டு மணி நேரமோ ஆகும். ரயிலில் காட்பாடி போய் இறங்கவும் ஓர் இரவு முழுவதும் அதற்கு மேலும் வேண்டும். அறுவை சிகிச்சை முடிந்து திரும்புவோருக்கு அந்த இரவு எப்படிப்பட்டது என்பதை அவர்களுடன் சென்றவர்கள் அறிவார்கள்.

வேலூரில் அப்துல்லாபுரம் விமான நிலையம், சிறிய ஊர்களுக்கு விமான சேவை தருவதற்கான மத்திய அரசின் உடான் திட்டத்தின்கீழ் சீரமைக்கப்பட்டது. பணிகள் நடந்தும் பயணிகள் விமானத்துக்காக நெடுங்காலம் காத்திருக்கும் நிலையம் அது. வாகைக்குளத்திலிருந்து அதன் வான்தூரத்தைப் பார்ப்போம். வடக்கே 4 பாகை 11 கலை, அதாவது சுமார் 465 கிலோமீட்டர். கிழக்கே ஒரு பாகைக்குச் சற்று மேல், அந்த அட்சரேகையில் அது சுமார் 114 கிலோமீட்டர். இரண்டின் வர்க்கத்தையும் கூட்டி மூலம் கண்டால் ஏறத்தாழ 480 கிலோமீட்டர். ஏடிஆர் வேகத்தில் வகுத்தால் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு என்று தோன்றும். ஆனால் அப்துல்லாபுரத்தின் ஓடுபாதை குறுகியது. சிறு விமானங்களை எண்ணியே அந்நிலையம் தயாரிக்கப்பட்டது. பத்தொன்பது பேர் அமரும் சிறு விமானங்களின் வேகம், வகையைப் பொறுத்து, மணிக்கு 300 முதல் 400 கிலோமீட்டர் வரைதான். அப்படியானால் பறக்கும் நேரமே ஒன்றேகால் மணியிலிருந்து ஒன்றரை மணிக்கு மேல் வரும். ஊர்ந்து செல்வதையும் சேர்த்தால் அதற்கும் மேல். வகுத்துக் கண்ட ஒரு மணி நேரம் இப்படித்தான் கிட்டத்தட்ட இரு மடங்காகிறது.

இதனுடன் தரைவழி நேரத்தைச் சேர்க்க வேண்டும். நாகர்கோவிலிலிருந்து வாகைக்குளம் நூறு கிலோமீட்டருக்கு மேல். காவல்கிணறு வழியாகத் திருநெல்வேலி வரை நான்குவழிச் சாலை நன்றாக இருந்தாலும் வீட்டிலிருந்து கிளம்பி முனைய வாசலை அடைய இரண்டு மணி நேரம் வேண்டும். தக்கலை, மார்த்தாண்டம் பகுதியினருக்கு இன்னும் அதிகம். நோயாளியோடு செல்பவர்கள் விமானம் கிளம்புவதற்கு ஒன்றேகால் மணி நேரம் முன்பாவது அங்கே இருந்தாக வேண்டும். சக்கர நாற்காலிக்குச் சொல்லிவைத்து, பெட்டியை ஒப்படைத்து, பாதுகாப்புச் சோதனை முடிக்க அந்த நேரம் சரியாக இருக்கும். விமானத்தில் ஒன்றே முக்கால் மணி என்று கொள்வோம். இறங்கியபின் பெட்டி எடுத்து மருத்துவமனை வாசலுக்குப் போக ஒரு மணி நேரம். ஆக மொத்தம் ஆறு மணி நேரம். பேருந்தில் ஆகும் நேரத்தில் பாதி. சாய்ந்து படுக்க முடியாத ஒருவருக்கு இந்தப் பாதி மிகப் பெரிய விடுதலை என்று உறுதியாகச் சொல்வேன். ஆகவே நேரடி விமானம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வரவேண்டும் என்றே விரும்புகிறேன். ஆனால் "ஒரு மணி நேரத்தில் வேலூர்" என்று தலைப்பிட்டு அதை வரவேற்பது, அதை நம்பிக் கிளம்பும் குடும்பத்துக்குச் செய்யும் உதவி ஆகாது.

நேரடி விமானம் இல்லாமல் சென்னை வழியாகச் செல்பவரின் கணக்கையும் பாருங்கள். வாகைக்குளம் வரை இரண்டு மணி, அங்கே ஒன்றேகால், சென்னைக்கு ஒன்றரை, பெட்டி எடுத்து வெளியே வர அரை மணிக்கு மேல், பிறகு வாடகைக் காரில் வேலூருக்கு மூன்று மணி நேரம் போல. எட்டரை மணி நேரம். கட்டணமோ பேருந்துக் கட்டணத்தைப் போலப் பல மடங்கு. ரயிலில் படுத்துக்கொண்டு போவதை விட்டுவிட்டு இதைத் தேர்ந்தெடுப்பதால் மிஞ்சுவது மூன்று, நான்கு மணி நேரம்தான். சேலத்துக்குச் செல்பவர்களுக்கு அதுவும் மிஞ்சாது. மாலையில் நாகர்கோவிலில் பெங்களூரு ரயில் ஏறினால் மதுரை, திண்டுக்கல், கரூர், நாமக்கல் வழியாக விடிவதற்குள் சேலத்தில் இறங்கிவிடலாம். வாகைக்குளத்திலிருந்து சென்னைக்கு 530 கிலோமீட்டர் பறந்து, அங்கிருந்து சேலத்துக்கு மேலும் 265 கிலோமீட்டர் பறப்பவர், நேர்கோட்டில் 340 கிலோமீட்டர் தள்ளியுள்ள ஊருக்கு ஏறத்தாழ 800 கிலோமீட்டர் பறக்கிறார். இடையில் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தால் ரயிலில் தூங்கிக்கொண்டே சென்றவர் முன்னதாகவே வேலையை முடித்திருப்பார்.

மணிக்கணக்கை விட முக்கியமானது கிளம்பும் வேளை. மருத்துவமனையில் புறநோயாளிப் பதிவு காலையில் நடக்கிறது. நண்பகலுக்கு மேல் இறங்கும் விமானம் எவ்வளவு விரைவாகப் பறந்தாலும் அன்றைய நாள் போய்விடும்; விடுதி அறை எடுத்துத் தங்கி மறுநாள் காலை வரிசையில் நிற்க வேண்டும். இரவுப் பேருந்தில் வந்தவரும் அதே வரிசையில், ஒருவேளை ஒரு நாள் முன்னதாகவே, நின்றிருப்பார். காலை ஏழு மணிக்குக் கிளம்பும் விமானம் என்றால் நாகர்கோவில்காரர் விடியற்காலை நான்கு மணிக்கு முன்பே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். அந்நேரத்தில் வாகைக்குளம் போகப் பேருந்துக்கு எங்கே போவது? வாடகைக் கார்தான் வழி. திரும்பும்போதும் அப்படியே.

இந்தக் கணக்கைப் பார்க்காமல் வழித்தடம் கேட்பதால்தான் தொடங்கிய சேவைகள் நிற்கின்றன என்பது என் கருத்து. உடான் திட்டம் 2016 அக்டோபரில் அறிவிக்கப்பட்டு, 2017 ஏப்ரலில் சிம்லாவுக்கும் தில்லிக்கும் இடையே முதல் விமானம் பறந்தது. ஏறத்தாழ 500 கிலோமீட்டர், ஒரு மணி நேரப் பயணத்துக்கு 2,500 ரூபாய் என்ற கட்டண வரம்பும், குறிப்பிட்ட இருக்கைகளுக்கு மூன்று ஆண்டுகள் அரசு ஈடுசெய்யும் தொகையும் தொடக்கத்தில் அதன் அடிப்படையாக இருந்தன. அந்த மூன்று ஆண்டுகளுக்குள் மக்கள் அந்த விமானத்தைத் தங்கள் வழக்கமாக்கிக்கொண்டால்தான் உதவி நின்ற பிறகும் சேவை நிற்காமல் இருக்கும். சேலத்தில் 2018இல் இத்திட்டத்தில் சென்னைக்குத் தொடங்கிய விமானம் சில ஆண்டுகளில் நின்றுபோய், 2023 அக்டோபரில்தான் மீண்டும் சேவை வந்தது. நின்ற காரணங்கள் பல இருக்கலாம். ஆனால் சேலத்திலிருந்து சென்னைக்கு நல்ல சாலையும் ரயிலும் இருக்கும்போது, வாசலிலிருந்து வாசல் வரை மிஞ்சும் நேரம் சொற்பமாக இருந்தால் எந்தக் கட்டண வரம்பும் பயணியை நெடுநாள் பிடித்துவைக்காது.

எங்கள் மாவட்டத்துக்கென்று ஒரு விமான நிலையம் வேண்டும் என்ற கோரிக்கை நெடுநாளாக எழுப்பப்படுகிறது. அதன் உணர்வை மதிக்கிறேன். ஆனால் அது வருவதற்கு முன்பே, அதில் ஒரு சிறு பங்கு செலவில், எங்கள் பயண நேரத்தைக் குறைக்க முடியும். அகஸ்தீஸ்வரம், தோவாளை வட்டத்தினருக்கு வாகைக்குளமும், கல்குளம், விளவங்கோடு பக்கத்தினருக்குத் திருவனந்தபுரமும் இயல்பான வாசல்கள். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் விமான நிலையம் சுமார் 70 கிலோமீட்டர்தான். ஆனால் தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று ஊர்களின் நடுவே ஊர்ந்து செல்லும் சாலையில் அது இரண்டு மணியிலிருந்து இரண்டரை மணி நேரம் ஆகிறது. நூறு கிலோமீட்டருக்கு மேல் உள்ள வாகைக்குளத்துக்கும் எழுபது கிலோமீட்டர் உள்ள திருவனந்தபுரத்துக்கும் ஏறக்குறைய ஒரே நேரம் ஆகிறது என்றால் குறை எங்கே இருக்கிறது என்பதை விளக்க வேண்டியதில்லை. 2018இல் மார்த்தாண்டம் மேம்பாலம் திறந்தது ஓரளவு உதவியது. பல ஆண்டுகளாக இழுத்துக்கொண்டே போகும் நான்குவழிச் சாலைப் பணி முழுமையடைந்தால் மேற்கு வட்டத்தினருக்கு ஒவ்வொரு பயணத்திலும் முக்கால் மணி நேரமாவது மிச்சமாகும். எந்த விமானத்தின் வேகத்தைக் கூட்டினாலும் அவ்வளவு மிச்சமாகாது. திருவனந்தபுரத்தில் இன்னொன்றையும் பயணிகள் நினைவில் வைக்க வேண்டும். பத்மநாபசுவாமி கோயில் ஆராட்டு ஊர்வலம், அதாவது சுவாமியை நீராட்ட எடுத்துச் செல்லும் ஊர்வலம், ஓடுபாதையைக் கடந்து சங்குமுகம் கடற்கரைக்குச் செல்வதால் பங்குனியிலும் ஐப்பசியிலும் ஆண்டுக்கு இரு நாட்கள் சில மணி நேரம் ஓடுபாதை மூடப்படும். பழைய திருவிதாங்கூர் மண்ணைச் சேர்ந்த எங்களுக்கு அந்த ஆராட்டு அந்நியமன்று. நிறுவனங்களும் முன்கூட்டியே நேரத்தை மாற்றி அறிவித்துவிடுகின்றன. வெளியூரிலிருந்து வருபவர்களுக்குத்தான் இதைத் தங்கள் நாளிதழ் முன்னதாக நினைவூட்ட வேண்டும்.

வாகைக்குளத்துக்கு வேண்டியது மிகச் சிறியது. நாகர்கோவிலிலிருந்து வள்ளியூர், திருநெல்வேலி வழியாக முனைய வாசல் வரை செல்லும், விமானங்கள் கிளம்பும் நேரத்தையும் இறங்கும் நேரத்தையும் ஒட்டி ஓடும் அரசுப் பேருந்து, பெட்டி வைக்க இடத்தோடு, முதலில் ஓரிரண்டு நடை போதும். விமானம் தாமதமானால் பேருந்தும் காத்திருக்க வேண்டும். இல்லையென்றால் அதை நம்பி யாரும் வரமாட்டார்கள். வடசேரியில் அந்தப் பேருந்து நிற்கும் இடமும் நேரமும் எழுதிய ஒரு பலகை வேண்டும். மாவட்ட நிர்வாகமும் போக்குவரத்துக் கழகமும் விமான நிலைய அதிகாரிகளும் ஒரு முறை அமர்ந்து பேசினால் முடிகிற காரியம் இது.

தங்களிடம் நான் கேட்பது ஒன்றே. இனி இரண்டு விமான நிலையங்களுக்கு இடையேயான தூரத்தையும் நேரத்தையும் வெளியிடும்போது, கிலோமீட்டர் வான்தூரம் என்றால் அப்படியே குறிப்பிடுங்கள். நிமிடம் வகுத்துப் பெற்றதா அட்டவணையில் உள்ளதா என்பதைச் சொல்லுங்கள். எந்த வகை விமானம் என்பதை எழுதுங்கள். மாவட்டத் தலைநகரின் பேருந்து நிலையத்திலிருந்து போய்ச் சேரும் ஊரின் நடுப்பகுதி வரை ஆகும் மொத்த நேரத்தை, ரயிலிலும் பேருந்திலும் ஆகும் நேரத்தின் பக்கத்தில் வைத்து அச்சிடுங்கள். அந்த எண்கள் பக்கம் பக்கமாக இருந்தால் எந்த வழித்தடத்தைக் கேட்க வேண்டும், எதைக் கேட்டுப் பயனில்லை என்பதை வாசகர்களே முடிவு செய்வார்கள். நேரம் ஒதுக்கித் தருமாறு நிறுவனங்களிடம் பேசுகிறவர்களுக்கும் அது கையில் இருக்கும் சான்றாகும். வாகைக்குளத்திலிருந்து வேலூருக்கு விமானம் என்ற செய்தி வெளியாகும் நாளில், அது காலையில் எத்தனை மணிக்குக் கிளம்பும், வடசேரியில் எந்தப் பேருந்தில் ஏறினால் அதைப் பிடிக்கலாம் என்ற இரண்டு விவரத்தையும் அதே செய்தியில் சேர்த்து அச்சிடுமாறு பணிவோடு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.